இருட்டும் ரோட்டிஃபரும்: கோமாளி மீன் குஞ்சு வளர்த்த கதை

மாதத்தில் இரண்டு மூன்று நாள் எங்கள் வீட்டு ஹாலில் ராத்திரி ஏழரை மணிக்கே விளக்கை அணைத்துவிடுவோம். டிவி கிடையாது. வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு மேல் கறுப்பு டேப். ஜன்னலில் பழைய போர்வை. முதல் தடவை எதிர் வீட்டு அக்கா கதவைத் தட்டி, "உங்க வீட்ல மட்டும் கரண்ட் போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார். "இல்லக்கா, மீன் முட்டை பொரிக்கப் போகுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் அம்மாவிடம், "தம்பி நல்லாத்தானே இருக்கான்?" என்று விசாரித்ததாகக் கேள்வி.

மீன் எதுவென்றால், ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். அதிலும் ஆம்ஃபிபிரியான் ஓசெல்லாரிஸ் என்ற இனம். வீட்டுத் தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சும் வளர்க்கக்கூடிய கடல் மீன்கள் மிகச் சில. அதில் முதலாவது இதுதான். இரண்டு வருடமாக நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒவ்வொரு முறை இட்ட முட்டைகளையும், இட்லிக்குச் சொல்வதுபோல, ஒரு 'ஈடு' என்று குறித்து வைத்திருக்கிறேன். நான் கணக்கில் எடுத்துக்கொண்டவை ஆறு ஈடு. ஐந்து போச்சு, ஆறாவது பிழைத்தது. போன ஐந்தில் இரண்டுக்கு மீன் பொறுப்பு, மூன்றுக்கு நான் பொறுப்பு.

முதலில் ஜோடி சேர்க்கிற விஷயம். இதில் ஆண் எது பெண் எது என்று பார்த்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சின்னதாக இரண்டு வாங்கி ஒன்றாக விட்டால் போதும். கோமாளி மீனில் எல்லாக் குஞ்சும் பால் தீராமல்தான் வளரும்; முதலில் ஆணாகும், கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாகும். பெண் செத்துப்போனால் அடுத்த இடத்தில் இருக்கும் ஆண், பெண்ணாக மாறிவிடும். ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே இருவரும் 1977ல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். (2003ல் வந்த அந்தப் படத்தில் நீமோவின் அம்மா செத்ததும் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும் என்பது சொல்லிச் சொல்லிச் சலித்த ஜோக். ஆனால் விஷயம் உண்மை.) எனக்கு இதைவிட ஆச்சரியமாக இருந்தது பீட்டர் பஸ்டன் 2003ல் எழுதியது. ஒரே கடல் சாமந்தியில் வாழும் கூட்டத்தில் கீழே இருக்கும் மீன், தனக்கு மேலே இருப்பதைவிடச் சற்றுச் சின்னதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. பெரிதாகிவிட்டால் போட்டி என்று நினைத்து மேலே இருப்பது அடித்துத் துரத்தும், அதனால். என் தொட்டியிலும் அப்படித்தான். ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கிய இரண்டில், ஒரு வருடம் கழித்து ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு.

கடல் சாமந்தி வேணுமே என்று கேட்பார்கள். வேண்டாம். கடலில் அது இல்லாவிட்டால் இந்த மீன் பெரிய மீனுக்கு இரையாகிவிடும். தொட்டியில் அந்த பயம் இல்லை. என் ஜோடி குடியிருந்தது பொங்கலுக்கு வாங்கிய சின்ன மண்சட்டியில். நூறு லிட்டர் தொட்டி, ஆர்ஓ தண்ணீரில் கலந்த செயற்கைக் கடல் உப்பு, 27 டிகிரி சூடு, நாளுக்கு மூன்று வேளை நல்ல சாப்பாடு. பதினாலு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் ஆண் மீன் சட்டியின் உள்பக்கத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டிக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. கிட்டத்தில் பார்த்தால் அரிசியைவிடச் சின்னதாக, நெருக்கி நெருக்கி நட்டு வைத்த மாதிரி முட்டைகள்.

முதல் ஈட்டை மறுநாளே தின்றுவிட்டன. இரண்டாவதை மூன்றாம் நாள். புது ஜோடிகள் இப்படிச் செய்வது சகஜம் என்று படித்திருந்ததால் கவலைப்படவில்லை. மூன்றாவது ஈட்டில் அப்பா பொறுப்பானார். நாள் முழுக்க சட்டி வாசலில் நின்று, நெஞ்சுத் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். வெள்ளையாகிப்போன முட்டையை மட்டும் பொறுக்கி எடுத்துத் தின்றுவிடுவார். விட்டால் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும். ஆரஞ்சு நிறம் மூன்று நான்கு நாளில் பழுப்பானது. ஆறாம் நாள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கண். ஏழாம் நாள் அந்தக் கண்கள் வெள்ளி மாதிரி மின்னின. அன்றைக்கோ அடுத்த நாளோ ராத்திரி பொரிக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

நான் ராத்திரி முழுக்க முழித்திருந்தேன். பொரிக்கவில்லை. மறுநாளும் முழித்திருந்தேன். பொரிக்கவில்லை. ஒன்பதாம் நாள் பாதி முட்டைகளைக் காணோம், மீதி வெளிறிக் கிடந்தன. ஒன்றுகூட பொரிக்கவில்லை.

காரணம் தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. 2019ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதே ஓசெல்லாரிஸ் மீனை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சில ஜோடிகளுக்கு இரவில் இருட்டு. சில ஜோடிகளுக்கு இரவிலும், கடற்கரைக் கட்டிடங்களிலிருந்து விழுவதுபோல மங்கலான வெளிச்சம். இரண்டு பக்கமும் முட்டையிட்டன, இரண்டு பக்கமும் கரு ஒழுங்காக வளர்ந்தது. ஆனால் வெளிச்சத்தில் இருந்த முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. சைபர். பிறகு அந்த வெளிச்சத்தை எடுத்துவிட்டதும் அதே ஜோடிகளின் முட்டைகள் வழக்கம்போலப் பொரித்தன.

யோசித்தால் நியாயம்தான். பவளப்பாறையில் பகல் முழுக்க மிதக்கும் பொடி உயிர்களைத் தின்ன ஆயிரம் வாய்கள் காத்திருக்கும். நாலு மில்லிமீட்டர் குஞ்சு அந்த நேரத்தில் வெளியே வந்தால் கதை முடிந்தது. அதனால் முட்டைக்குள் எல்லாம் தயாரான பிறகும் குஞ்சு இருட்டுக்காகக் காத்திருக்கிறது. இருட்டு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். என் தொட்டியில் இருட்டு வரவே இல்லை. அழகுக்காக வாங்கிப் போட்ட நீல 'நிலா விளக்கு' விடிய விடிய எரிந்தது. அது போதாதென்று பொரித்துவிட்டதா பொரித்துவிட்டதா என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அதன் பிறகுதான் போர்வையும் கறுப்பு டேப்பும். நாலாவது ஈடு எட்டாம் நாள் ராத்திரி பொரித்தது. ஒன்பதரைக்கு மெதுவாகப் போய்ப் பார்த்தால், தண்ணீர் முழுக்கக் கண் வைத்த நூல் துண்டுகள். இதில் ஒரு வேடிக்கை: பொரிக்கும்வரை வெளிச்சம் ஆகாது, பொரித்ததும் வெளிச்சத்தைத் தேடி வரும். தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் டார்ச்சைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் அங்கே வந்து மொய்க்கும். வலையில் பிடிக்கக் கூடாது, காற்றுப் பட்டால் உடம்பு தாங்காது. கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு எடுக்க வேண்டும். குஞ்சுத் தொட்டி இருபது லிட்டர், நாலு பக்கமும் கறுப்புச் சார்ட் ஒட்டியது. கண்ணாடி பளபளத்தால் குஞ்சுகள் அதில் தலையை முட்டிக்கொண்டே சாகும். கறுப்பு என்றால் முட்டாது, சாப்பாடும் கண்ணுக்குத் தெரியும். ஃபில்டர் கிடையாது. ஒரு குழாயில் நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி, அவ்வளவுதான்.

இருநூறுக்கு மேல் இருந்தன. மூன்று நாளில் எல்லாம் செத்தன.

கடைக்காரர் ஒரு பொடி கொடுத்திருந்தார், குஞ்சுகளுக்கென்றே தயாரித்தது என்று. நன்னீர் மீன் குஞ்சுகளுக்கு அது ஓடியிருக்கலாம். கோமாளி மீன் குஞ்சு அப்படியில்லை. அது வேட்டைக்காரன். மஞ்சள் கரு ஒரு நாளைக்குத் தாங்கும். மறுநாள் விடிந்ததும் அது கண்ணால் இரையைத் தேடுகிறது. இரை அசைய வேண்டும். அசைவதைப் பார்த்ததும் வாலை 'S' மாதிரி வளைத்துப் பாய்ந்து கவ்வும். பொடி அசையாது; அடியில் போய்ப் படுத்து அழுகும். என் குஞ்சுகள் சாப்பாட்டின் நடுவே பட்டினி கிடந்து, அதே சாப்பாடு அழுகி வந்த அம்மோனியாவில் செத்தன. நோட்டில் அன்றைக்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: "மூன்றாம் நாள். காலை 40. மாலை 0."

ஆக, அசையும் இரை வேண்டும். அதுவும் ஊசி நுனி அளவு வாய்க்குள் போகிற இரை. அதுதான் ரோட்டிஃபர். நீளம் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர். தலையில் இருக்கும் மயிர்கள் சக்கரம் சுற்றுவதுபோல அசைந்து பாசியை வாய்க்கு இழுக்கும். எளிதாக வளரும் இனம் பிராக்கியோனஸ் பிளிகாடிலிஸ். நிலைமை சரியாக இருந்தால் எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டு ஓரிரு நாளில் இரட்டிப்பாகும். இதன் வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களில் 1950களில் இது ஒரு தொல்லை. திடீரென்று பெருகிக் குளத்துப் பாசியையெல்லாம் தின்று தண்ணீரையே கெடுத்துவிடும். குளத்துக்காரர்கள் இதை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருக்க, 1960ல் தகாஷி இடோ என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கடல் நீரில் வளர்ப்பது பற்றி எழுதினார். கொஞ்ச காலத்தில் ஜப்பானின் கடல் மீன் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு இதுதான் தாய்ப்பால். இன்றைக்கு உலகம் முழுக்க கொடுவா, கலவா என்று எத்தனையோ மீன் குஞ்சுகள் வாய் திறந்ததும் தின்பது அந்த விலாங்குக் குளத்துத் தொல்லையைத்தான்.

கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் அரை லிட்டர் பாட்டிலில் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து என் வாழ்க்கை மாறிப்போச்சு. ரோட்டிஃபருக்குச் சாப்பாடு பாசி. நானோகுளோராப்சிஸ் என்ற பச்சைப் பாசி, பால்கனியில் வரிசையாக சோடா பாட்டில்களில் குமிழி விட்டுக்கொண்டு நிற்கும். பாசிக்குச் சாப்பாடு உரம். ரோட்டிஃபர் இருப்பது இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில். ஒன்று திடீரென்று ஒரே ராத்திரியில் செத்துவிடும், அதனால் எப்போதும் இரண்டு கேன், இரண்டுக்கும் வேறு வேறு மொள்ளும் கப். தினமும் கால் பங்கு தண்ணீரை எடுத்து 50 மைக்ரான் துணியில் வடிகட்டினால் துணியில் பழுப்பாகக் கொஞ்சம் மாவு தங்கும். அதுதான் அறுவடை. அம்மா ஒரு நாள் பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் நின்று, "மீனுக்குச் சாப்பாடு, அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு சாப்பாடு, அதுக்கும் ஒரு சாப்பாடு. நீ மீன் வளர்க்கிறியா, பாசி வளர்க்கிறியாடா?" என்றார். பாசிதான்மா வளர்க்கிறேன். மீன் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர் இருக்க வேண்டும். இருபது லிட்டர் என்றால் இரண்டு லட்சம். அவ்வளவு அடர்த்தி எதற்கு? குஞ்சால் தூரம் நீந்தித் தேட முடியாது. மூக்குக்கு முன்னால் எப்போதும் ஒன்று இருக்க வேண்டும். சிரிஞ்சில் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காலையும் மாலையும் எண்ணுவேன். தொட்டித் தண்ணீரை லேசாகப் பச்சையாக்கும் அளவுக்குப் பாசியும் ஊற்றுவேன். ரோட்டிஃபர் பட்டினி கிடக்காது, வெளிச்சமும் மிதமாகும்.

ஐந்தாவது ஈடு இதையெல்லாம் வைத்து நன்றாகத்தான் போனது. வயிறு வெள்ளி மாதிரி நிரம்பி, குஞ்சுகள் துருதுருவென்று இருந்தன. ஏழாம் நாள் நூறு இருந்தது. எட்டாம் நாளிலிருந்து விழ ஆரம்பித்தது. உடம்பு உருமாறும் நேரம் அது: நூல் மாதிரி இருந்தது தட்டையாகி, உயர்ந்து, மீன் வடிவத்துக்கு வரும். ஏதோ சத்தம் கேட்டால், விளக்கைப் பட்டென்று போட்டால், சுருண்டு விழுந்து நடுங்கிச் செத்தன. பதினோராம் நாள் நாலே நாலு. அவையும் மறுநாள் போயின.

வயிறு நிறைந்துதான் செத்தன. நாலாவது ஈட்டுக்கும் ஐந்தாவது ஈட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், எனக்கு அதிகம் வலித்ததும் அதுதான். அந்த வாரம் பாசி பாட்டில்கள் இரண்டு வெளுத்துப்போனதால் ரோட்டிஃபருக்கு பேக்கரி ஈஸ்ட் போட்டிருந்தேன். ஈஸ்ட்டிலும் ரோட்டிஃபர் நன்றாகப் பெருகும், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் ரோட்டிஃபர் ஒரு பை மாதிரி. உள்ளே என்ன போகிறதோ அதுதான் குஞ்சுக்குப் போய்ச் சேரும். கடல் மீன் குஞ்சுக்கு டிஎச்ஏ, இபிஏ என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள் கட்டாயம் வேண்டும். கண்ணும் மூளையும் நரம்பும் அவற்றால்தான் கட்டப்படுகின்றன. கடல் மீன்கள் பெரும்பாலும் இவற்றைத் தாமாகத் தேவையான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. கடலில் தின்னும் உயிர்களில் இவை இருக்கும். ஈஸ்ட்டில் இல்லை. நானோகுளோராப்சிஸில் இபிஏ நிறைய உண்டு, ஆனால் டிஎச்ஏ இல்லை என்றே சொல்லலாம். அதற்கு ஐசோகிரைசிஸ் என்ற பழுப்புப் பாசி வேண்டும்.

ஆறாவது ஈட்டுக்கு நான் செய்த ஒரே மாற்றம் இதுதான். வடிகட்டிய ரோட்டிஃபரை நேராகக் கொடுக்காமல், ஐசோகிரைசிஸ் கலந்த தண்ணீரில் ஆறு மணி நேரம் மேயவிட்டுப் பிறகு கொடுத்தேன். ஆறாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டீமியா குஞ்சும். ஆர்டீமியா முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் காற்று விட்டால் பொரித்துவிடும். எளிது என்பதால் சீக்கிரமே கொடுக்க ஆசை வரும். அவசரப்படக் கூடாது, ரோட்டிஃபரைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது, விழுங்கிய சின்னக் குஞ்சுக்குச் செரிக்காது. அதிலும் டிஎச்ஏ குறைவு, அதனால் பொரித்து அரை நாள் கழித்து வாய் திறந்த பிறகு அதற்கும் பாசி ஊட்ட வேண்டும். தினமும் சிறிய குழாய் வைத்து அடியில் கிடப்பதை உறிஞ்சி, அதே அளவு புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை, முதுகு வலிக்கும் என்பதைத் தவிர.

ஒன்பதாம் நாள் காலை, ஒரு குஞ்சின் தலையில், கண்ணுக்குப் பின்னால், புகை மாதிரி ஒரு கோடு. சாயங்காலம் அது வெள்ளைக் கோடு. மறுநாள் நடு உடம்பில் இன்னொன்று. கோடு வந்தவை மேல் தண்ணீரை விட்டு அடிக்கு இறங்கி, தரையோடு தரையாக நின்றன. கடலில் இந்த நேரத்தில்தான் அவை பத்துப் பன்னிரண்டு நாள் மிதந்த பிறகு பாறைக்குத் திரும்பும். பப்புவா நியூ கினியின் கிம்பே வளைகுடாவில் தாய் மீன்களுக்கு ஒரு வகை பேரியத்தை ஊசியில் ஏற்றி, அது குஞ்சின் காதெலும்பில் பதிவதை வைத்துக் கணக்கெடுத்தார்கள். வந்து குடியேறிய குஞ்சுகளில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் பிறந்த பாறைக்கே திரும்பியவை என்று 2007ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அதே வளைகுடாவில் பிற்பாடு செய்த இன்னொரு ஆய்வு (2021) வெள்ளைக் கோடு எப்போது வரும் என்பதைத் தைராய்டு ஹார்மோன் தீர்மானிக்கிறது என்று காட்டியது. ஒரு வகைக் கடல் சாமந்தியில் குடியேறிய குஞ்சுக்குக் கோடு சீக்கிரம் வருகிறது, மற்றதில் தாமதமாக.

பதினைந்தாம் நாள் எண்ணினேன். 83. ஒரு மாதத்தில் 74.

இதில் பதினொன்றுக்கு நடுக்கோடு முழுசாக இல்லை. பாதியில் நிற்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும். தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "சார், அந்தக் கோடு கம்மியானது எல்லாத்தையும் எங்கிட்டயே குடுங்க. அதுக்குத்தான் இப்ப ரேட்டு." முழுக் கோடு உள்ளதைவிட இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அது அபூர்வ வகை இல்லை, என் வளர்ப்பில் ஏதோ ஒன்று குறைந்ததன் தழும்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை அபூர்வம் என்று விலை வைத்து, ஒன்றோடொன்று சேர்த்து இனம் பெருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினொன்றும் என்னிடமே இருக்கின்றன. கொன்றுவிடும் வளர்ப்பாளர்களும் உண்டு. அதுவும் என்னால் முடியவில்லை.

மற்றவற்றைக் கொடுத்தேன். அதிலும் ஒரு நிபந்தனை, விற்கும்போது 'தொட்டியில் பிறந்தது' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கடைக்கு வரும் கோமாளி மீன் எங்கேயோ ஒரு பாறையிலிருந்து பிடித்ததாக இருந்தால், பெரும்பாலும் அது ஒரு ஜோடியில் பாதி. நம் மன்னார் வளைகுடாவிலும் கோமாளி மீன் உண்டு, செபே என்ற இனம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். வித்தை இங்கேயே இருக்கிறது. கடையில் வாங்கும்போது எங்கே பிறந்த மீன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்; நாலு பேர் கேட்டால் கடைக்காரரும் கேட்க ஆரம்பிப்பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டியில் அடுத்த ஈடு பழுப்பாகிவிட்டது, கண் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி என்று நினைக்கிறேன். ஐசோகிரைசிஸ் பாட்டில் ஒன்று லேசாக வெளுக்கிற மாதிரி இருக்கிறது, நாளைக்குள் வேறு ஒன்று ஆரம்பிக்க வேண்டும். எதிர் வீட்டு அக்காவிடம் சொல்லியாச்சு. "எட்டு மணிக்கு எங்க வராண்டா லைட்டையும் அணைச்சிடவா?" என்று அவரே கேட்டார்.